கணவனோ மனைவியோ இறந்தபின் சொத்தைப் பெயர் மாற்றுவது: தமிழ்நாட்டில் எது முதலில், எது பிறகு

உயில் எழுதாமல் ஒருவர் இறந்துபோன குடும்பத்துக்காக இதை எழுதுகிறேன். அப்பா இறந்தபோது எங்கள் வீட்டு வேலையை நான்தான் அலைந்து முடித்தேன். அப்புறம் உறவினர், தெரிந்தவர் என்று ஐந்தாறு குடும்பங்களோடு தாலுகா அலுவலகத்துக்கும் பத்திரப்பதிவுக்கும் போய்வந்திருக்கிறேன். விதி தெரியாமல் சிக்கியவர்களைவிட, செய்யவேண்டிய வரிசையை மாற்றிச் செய்து சிக்கியவர்கள்தான் அதிகம். அதனால் வரிசைப்படியே சொல்கிறேன்.

1. சொத்து யாருடையது என்று முதலில் பாருங்கள்

கணவன் போனால் எல்லாம் மனைவிக்கு, மனைவி போனால் எல்லாம் கணவனுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இங்கே கிடையாது. திருமணத்துக்குப் பின் சேர்த்தது இருவருக்கும் பொது என்ற ஏற்பாடு இந்தியாவில் கோவா போன்ற ஒன்றிரண்டு இடங்களில்தான் உண்டு. தமிழ்நாட்டில் பத்திரத்தில் யார் பெயரோ அவருடைய சொத்து, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: இறந்தவர் பெயரில் மட்டும் உள்ளவை, இருவர் பெயரிலும் உள்ளவை, உயிரோடிருப்பவர் பெயரில் உள்ளவை. மூன்றாவது பத்தியை யாரும் தொடக்கூடாது, அதில் வாரிசுப் பேச்சே இல்லை. மனைவியின் சீர் நகையும் அவர் பெயரில் உள்ள நிலமும் அங்கேதான் சேரும். கணவன் இறந்த துக்க வீட்டில் மருமகளின் நகையையும் சேர்த்துப் பங்கு பேசிய ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அது தவறு.

இரண்டாவது பத்தியில்தான் குழப்பம் அதிகம். கூட்டாக வாங்கிய வீட்டில் இவ்வளவு பங்கு என்று பத்திரத்தில் எழுதியிருக்காவிட்டால் பொதுவாக ஆளுக்குப் பாதி என்று கொள்வார்கள். ஒருவர் இறந்தால் அவருடைய பாதி மற்றவருக்குத் தானாகப் போகாது. அந்தப் பாதி வாரிசுகள் எல்லோருக்கும் பிரியும்.

கணவனுக்கு வந்தது பூர்வீகச் சொத்து என்றால், அதில் அவருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்த பிறகே மற்றது. தமிழ்நாட்டில் 1989 திருத்தமும் நாடு முழுவதற்குமான 2005 திருத்தமும் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு தந்துவிட்டன. இந்தக் கணக்கு மட்டும் வழக்கறிஞரிடம் போகட்டும்.

2. உயில் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள்

வீட்டில் தேடினோம், இல்லை என்பது போதாது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், அதிலும் வரவில்லை என்பார்கள். வில்லங்கத்தில் உயில் வரவே வராது. பதிவு செய்த உயில்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனிப் புத்தகம் இருக்கிறது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவர்களுக்கு அதன் நகல் தரமாட்டார்கள். இறந்தபின் இறப்புச் சான்றோடு மனு கொடுத்தால் தருவார்கள். அவர் வசித்த ஊர், சொத்து இருக்கும் ஊர் இரண்டு அலுவலகத்திலும் கேளுங்கள்.

பதிவு செய்யாத உயிலும் செல்லும். இரண்டு சாட்சிகள் முறையாகக் கையெழுத்திட்டிருந்தால் போதும். பீரோவின் துணியடுக்குக்குக் கீழே கிடந்த ஒரு தாளை இரண்டு வருடம் கழித்து எடுத்துவந்தால், அதுவரை செய்த பாகப்பிரிவினை எல்லாம் ஆட்டம் காணும். அதனால்தான் இந்தத் தேடலை முதலிலேயே முடிக்கச் சொல்கிறேன்.

3. இறப்புச் சான்று: பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள்

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். 30 நாள்வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். ஒரு வருடம் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். பதிவு நடப்பது இறப்பு நேர்ந்த ஊரில், வசித்த ஊரில் அல்ல. வெளியூர் மருத்துவமனையில் இறந்தவருக்குச் சொந்த ஊரில் சான்று கேட்டு அலைவது முதல் தடுமாற்றம்.

இரண்டாவது தடுமாற்றம் பெயர். பத்திரத்தில் தலைப்பெழுத்து இல்லாமல் ராமசாமி, ஆதாரில் சு. ராமசாமி, இறப்புச் சான்றில் சுப்பையா ராமசாமி என்று இருந்தால், பிறகு போகும் ஒவ்வொரு கவுண்டரிலும் இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கச் சொல்வார்கள். மருத்துவமனையில் படிவம் நிரப்பும்போதே ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் இதெல்லாம் யாருக்குத் தோன்றும் என்றால், நியாயம்தான். அழுதுகொண்டிருப்பவரை விட்டுவிட்டு ஒரு மாப்பிள்ளையோ சித்தப்பாவோ பார்த்துக்கொள்ளட்டும். சான்றின் அசல் பிரதிகள் குறைந்தது பத்து வாங்கி வையுங்கள்.

4. வாரிசு யார், யாருக்கு எவ்வளவு

இது இறந்தவரின் மதச் சட்டத்தைப் பொறுத்தது. உரிமை இறந்த நொடியிலேயே வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. பிறகு நாம் செய்யும் எல்லாம் அதைப் பதிவேட்டில் காட்டும் வேலை மட்டுமே.

இந்துக் கணவன் இறந்தால்: 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் எல்லோருக்கும் சமப் பங்கு. தந்தை இந்த முதல் வகுப்பில் இல்லை. முன்பே இறந்துபோன மகன் இருந்தால் அவருடைய பங்கு அவரது மனைவி மக்களுக்கு, மகள் என்றால் அவரது பிள்ளைகளுக்கு. மனைவி பிறகு மறுமணம் செய்துகொண்டாலும் கிடைத்த பங்கு போகாது.

இந்து மனைவி இறந்தால்: கணவனும் பிள்ளைகளும் சமமாகப் பெறுவார்கள். கணவனோ பிள்ளையோ இருக்கும்போது அவருடைய தாய்க்குப் பங்கில்லை. ஆனால் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லாமல் இறந்தால், அவர் பெற்றோரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்து கணவனுக்குப் போகாது, அவருடைய தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். அவரே சம்பாதித்தது கணவனுக்கு. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே தானசெட்டில்மெண்டாக எழுதிக்கொடுத்தது 'வாரிசாக வந்தது' ஆகாது. அதனால் சொத்து எந்தப் பத்திரத்தின் மூலம் வந்தது என்று பார்க்காமல் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

கிறிஸ்தவர்: 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். பிள்ளைகள் இருந்தால் கணவனுக்கோ மனைவிக்கோ மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருக்கையில் இறந்தவரின் தாய்க்கு இல்லை.

முஸ்லிம்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று. கணவனுக்கு முறையே நான்கில் ஒன்று, இரண்டில் ஒன்று. மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு. அடக்கச் செலவு, கடன், கொடுக்காமல் நின்ற மஹர் (திருமணத்தில் கணவன் மனைவிக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது) எல்லாம் போன பிறகே பங்கு. மஹர் ஒரு கடன் என்பதை மனைவிக்கு எடுத்துச்சொல்ல ஆள் இருப்பதில்லை.

கலப்புத் திருமணத்தைச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தவர்களுக்கு 1925 சட்டம் பொருந்தும். இருவருமே இந்துக்கள் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டமே தொடரும்.

முதல் மனைவி இருக்க, இரண்டாவதாக ஒரு குடும்பம் இருந்ததா? இந்துக்களில் அந்த இரண்டாவது மனைவிக்குப் பங்கில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தந்தையின் பங்கில் உரிமை உண்டு. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. மறைத்துச் செய்த வேலை எதுவும் நிற்காது.

5. வாரிசுச் சான்றிதழ்

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஏறி வட்டாட்சியரிடம் போகும். இறப்புச் சான்று, குடும்ப அட்டை, ஒவ்வொரு வாரிசின் ஆதார், உறவைக் காட்டும் ஆவணம் ஆகியவை தயாராக இருக்கட்டும்.

நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான். ரேஷன் கார்டைப் பார்த்து எழுதுவதால் கல்யாணமாகிப் போன மகள்கள் விட்டுப்போகிறார்கள். மூத்த மகன் வீட்டில் இருக்கும் பாட்டி விட்டுப்போகிறார். முன்பே இறந்த அண்ணனின் பிள்ளைகள் விட்டுப்போகிறார்கள். வேண்டுமென்றே விட்டதா, மறந்து விட்டதா என்று பிறகு யாரும் பார்ப்பதில்லை. விட்டுப்போனவர் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். நீங்கள் வாங்கிய சான்று ரத்தாகும்.

இந்தச் சான்று 'இன்னார் வாரிசு' என்று மட்டும் சொல்லும், பங்கைச் சொல்லாது. நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்று வேறு. அது பெரும்பாலும் வைப்புத்தொகை, பங்குப்பத்திரம், வரவேண்டிய கடன் போன்றவற்றுக்கு, அதுவும் தொகை பெரிதாகவோ தகராறு இருந்தோ கேட்கப்படுவது. யாராவது 'வாரிசுச் சான்று கொண்டுவாங்க' என்றால் தாசில்தார் தருவதா, கோர்ட் தருவதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் எட்டு மாதம் வீணாக்கியவரைத் தெரியும்.

6. பணம்: வங்கி, காப்பீடு, பி.எஃப்.

வீட்டுச் செலவுக்குக் காசு வேண்டும் என்பதால் நிலத்துக்கு முன் இதை முடியுங்கள்.

ஏ.டி.எம். அட்டையைப் பயன்படுத்தாதீர்கள். 'பின் நம்பர் தெரியுமே' என்று இறந்த மறுநாள் எடுத்த பணத்தை வைத்துத்தான் அண்ணன் தம்பிக்குள் முதல் சந்தேகம் வருகிறது. கணக்கு விவரத்தில் தேதியோடு நிற்கும், மறைக்க முடியாது.

நாமினி இருந்தால் வங்கி அவரிடம் கொடுத்துவிடும். கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு முடிந்தது, அவ்வளவே. நாமினி சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை, வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர்தான். பங்குகளுக்கும் இதுவே என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் 2015 திருத்தத்துக்குப் பின் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் நிலைமை வேறு என்று சட்ட வாசகம் இருக்கிறது. தகராறு என்று வந்தால் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்லவில்லை. சண்டை இல்லாத வீட்டில் இதெல்லாம் எழாது. கணவன் 1874ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் பாலிசி எடுத்திருந்தால் மட்டும் அந்தத் தொகை மனைவி மக்களுக்கே, கடன்காரர்களும் தொட முடியாது. பாலிசியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஆவணம் எல்லாம் கொடுத்த 15 நாளுக்குள் வங்கி தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மனுவுக்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள், அந்தத் தேதியிலிருந்துதான் 15 நாள் ஓடும். எந்த வங்கியில் கணக்கு என்றே தெரியாவிட்டால், நெடுநாள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகளை ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

பி.எஃப். விஷயத்தில் ஒரு நுணுக்கம். திருமணத்துக்கு முன் போட்ட நாமினி நியமனம் திருமணமானதும் செல்லாது. அம்மா பெயரை இளமையில் எழுதிவிட்டு மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம். பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு, பி.எஃப்.போடு சேர்ந்து வரும் இ.டி.எல்.ஐ. காப்பீடாக அதிகபட்சம் 7 லட்சம்வரை உண்டு, குடும்ப ஓய்வூதியமும் தனி. மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். ஒன்றைக் கேட்டவருக்கு மற்றதைத் தானாக யாரும் எடுத்துத் தருவதில்லை.

7. வயதானவரின் பங்கை முதலில் முடியுங்கள்

எங்கள் வீட்டில் நடந்ததையே கணக்காகச் சொல்கிறேன்.

வீடு அப்பா அம்மா இருவர் பெயரில். அப்பா இறந்தபோது இருந்தவர்கள் அம்மா, நான், தங்கை, பாட்டி. அப்பாவின் பாதி நான்காகப் பிரிந்தது, ஆளுக்கு எட்டில் ஒன்று. அம்மாவிடம் ஏற்கெனவே இருந்த பாதியோடு சேர்த்து எட்டில் ஐந்து. மீதி மூன்றும் எங்கள் மூவருக்கு.

பாட்டி அன்றே 'எனக்கென்னத்துக்கு வீடு, மருமகளுக்கே எழுதித் தர்றேன்' என்றார். வருடத் திதி முடியட்டும், துக்கம் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டேன். 14 மாதத்தில் பாட்டியும் போய்விட்டார். தாத்தா முன்பே இல்லை. பாட்டியின் எட்டில் ஒன்று அவருடைய மூன்று பிள்ளைகளின் கிளைகளுக்குப் பிரிந்தது: சித்தப்பாவுக்கு இருபத்துநான்கில் ஒன்று, அத்தைக்கு ஒன்று, அப்பாவின் இடத்தில் எனக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒன்று. அம்மாவுக்கு இதில் எதுவும் இல்லை, மருமகள் இங்கே வாரிசு அல்ல.

ஆக, பாட்டிக்கு ஓர் இறப்புச் சான்று, ஒரு வாரிசுச் சான்று, அத்தையின் கையெழுத்து, வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பாவின் அதிகாரப் பத்திரம் எல்லாம் தேவைப்பட்டன. அவர்கள் நல்லவர்கள், மறுபேச்சில்லாமல் போட்டுத்தந்தார்கள். எல்லார் வீட்டிலும் அப்படி நடக்காது. வாரிசுச் சான்று கைக்கு வந்ததும் முதல் பத்திரமாகப் பாட்டியின் விடுதலைப் பத்திரத்தை (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பதிந்திருக்க வேண்டும். நடக்க முடியாதவர் என்றால் கட்டணம் செலுத்திச் சார்பதிவாளரை வீட்டுக்கே அழைக்க வழி இருக்கிறது.

இதையே திருப்பியும் சொல்ல வேண்டும். பாட்டிக்கு வேறு ஆதரவு இல்லை என்றால் அவர் பங்கை எழுதி வாங்க அவசரப்படாதீர்கள். அது அவருடைய சொத்து, உங்கள் வசதிக்கான கையெழுத்து அல்ல.

8. பத்திரம்: எது எதற்கு

எல்லோரும் ஒருவருக்கே விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம். ஆளுக்கொரு பகுதி என்றால் பாகப்பிரிவினைப் பத்திரம். விற்கப்போகிறீர்கள் என்றால் இரண்டும் வேண்டாம், வாரிசுகள் அனைவரும் சேர்ந்து நேரடியாகவே கிரயம் எழுதிக்கொடுக்கலாம். இரண்டு முறை செலவு செய்வதை இது மிச்சப்படுத்தும்.

குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கும் பாகப்பிரிவினைக்கும் முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், 2023 ஜூலையில் வைத்த உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. பாகப்பிரிவினையில் இது பங்குக்குப் பங்கு வரும். போகும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிய சம்மதக் கடிதத்துக்கு இங்கே மதிப்பில்லை. அசையாச் சொத்தின் பங்கு பதிவு செய்த பத்திரத்தால்தான் கைமாறும். 'எழுதிக் குடுத்துட்டாங்களே' என்று பத்து வருடம் அதை நம்பி இருப்பார்கள், தங்கை இறந்தபின் அவர் பிள்ளைகள் வந்து பங்கு கேட்பார்கள்.

சொத்து விவரத்தைக் கவனமாகப் படியுங்கள். கூட்டு வீட்டில் கைமாறுவது இறந்தவரின் பிரிபடாத பாதியில் உள்ள பங்கு மட்டுமே. முழு வீட்டையும் எழுதிவைக்கும் பத்திர எழுத்தர்கள் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினால், அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தாய்ப்பத்திரம் காணாமல் போயிருந்தால் காவல் நிலையப் புகார், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று, நாளிதழ் விளம்பரம் என்று ஒரு தனி ஓட்டம் இருக்கிறது. அதை வாரிசுச் சான்றுக்கு மனு போட்ட அன்றே தொடங்குங்கள்.

9. பிள்ளை மைனர் என்றால்

18 வயது ஆகாத பிள்ளைக்காகத் தாய் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பத்திர அலுவலக வாசலில் சொல்வார்கள். இந்து மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்ததைப் பிள்ளை வளர்ந்தபின் ரத்துசெய்யக் கேட்கலாம். வாங்குபவரின் வழக்கறிஞர் இதை முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.

அவசரம் இல்லையென்றால் பிள்ளைக்கு 18 ஆகும்வரை கூட்டாகவே விட்டுவிடுவது நல்லது. பட்டாவைக் கூட்டாக மாற்றிக்கொண்டு காத்திருங்கள்.

10. பட்டா, வரி, மின் இணைப்பு

பத்திரம் பதிந்தால் வேலை முடிந்ததென்று கிளம்பிவிடாதீர்கள். பத்திரமே எழுதாமல் கூட்டாக வைத்துக்கொள்பவர்களும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் நடுவில் இறந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு சான்றுகளும் வேண்டும். வீட்டைப் பிரித்திருந்தால் உட்பிரிவு மனு, அளவர் வந்து அளந்தபின்தான் மாறும்.

பட்டா வந்ததும் சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு. இவற்றில் சிக்கல் குறைவு, ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

11. கடன், வருமான வரி, வண்டி

வீட்டுக் கடன் இருந்தால் அதற்குக் காப்பீடு எடுத்திருந்தாரா என்று கடன் ஒப்பந்தத்திலும் கணக்கு விவரத்திலும் தேடுங்கள். பலருக்குத் தெரியாமலேயே பிரீமியம் பிடித்திருப்பார்கள். இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பு. வசூலுக்கு வருபவர் என்ன சொன்னாலும் உங்கள் சம்பளத்திலிருந்து தருவதாக எழுதிக்கொடுக்காதீர்கள்.

இறந்த நாள்வரையான வருமானத்துக்கு வரிக் கணக்கை வாரிசு ஒருவர் தாக்கல் செய்ய வேண்டும், வருமான வரித் தளத்தில் வாரிசாகப் பதிந்துகொண்டு செய்யலாம். பிடித்த வரி திரும்ப வரவேண்டியிருந்தால் இதைச் செய்யாமல் வராது. பான் எண்ணை ஒப்படைப்பது அதற்கெல்லாம் பிறகு.

வண்டி இருந்தால் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, 3 மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றக் கேளுங்கள். காப்பீட்டையும் அதே வாரத்தில் மாற்றுங்கள். விபத்து நடந்தபின் இறந்தவர் பெயரில் உள்ள பாலிசியை வைத்துக்கொண்டு இழப்பீடு கேட்கப் போவது பெரிய அவஸ்தை.